மூன்றரை ஏக்கர் மேய்க்காலில் ஊர்க்காடு: நிதியை எங்கே கேட்பது, பள்ளியை எப்படிச் சேர்ப்பது?

கண்மாய்க்கரை | 14 ஜூலை 2024

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கண்மாயின் மேல்புறத்தில் சுமார் மூன்றரை ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர்க் கால்நடைகள் மேய்வதற்கான பொது நிலம், இருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த அந்த இடத்தை 2022 கோடையில் எங்கள் இளைஞர் மன்றத்தினர் வேரோடு பெயர்த்துச் சுத்தம் செய்தோம். இயந்திர வாடகைக்கு ஊரிலேயே வசூல் செய்தோம். அந்தக் கணக்கில் இன்னும் 86,000 ரூபாய் மீதமிருக்கிறது.

அந்த இடத்தில் நாட்டு மரங்களைக் கொண்ட ஓர் ஊர்க்காட்டை உருவாக்கி, அதை எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான திறந்தவெளி வகுப்பறையாகவும் ஆக்க விரும்புகிறோம். காடு என்று நாங்கள் சொன்னவுடன் ஊரில் பலர் தைலமரக் காட்டைத்தான் நினைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். அது நிலத்தடி நீரை வற்றச் செய்துவிடும் என்ற அச்சத்தை எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐயனார் கோயில் காட்டைப் போன்றது என்று விளக்கிய பிறகே பெரியவர்கள் இறங்கி வந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தார் தாமாக முன்வந்து 500 கன்றுகளை நட்டுத் தந்தார்கள். பதாகை கட்டினார்கள், படம் எடுத்தார்கள், பிற்பகலில் கிளம்பிவிட்டார்கள். பங்குனி முடிவதற்குள் ஆடுகளும் வெயிலுமாக அனைத்தையும் முடித்துவிட்டன. மறுபடியும் அப்படி ஒன்று நடந்தால் ஊர் எங்களை நம்பாது.

எனவே மூன்று செய்திகளை அறிய விரும்புகிறேன். எங்களைப் போன்ற, பதிவுகூடச் செய்யப்படாத ஒரு மன்றம் இதற்கு நிதி கேட்கக்கூடிய அரசுத் திட்டங்கள் யாவை? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற என்ன தகுதிகள் வேண்டும்? சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அதை அப்படியே வாங்கிக்கொள்ளலாமா? பள்ளியை இதில் எப்படி முறையாக இணைப்பது என்பதையும் ஆசிரியர்கள் யாரேனும் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற வனவர் | 14 ஜூலை 2024

தம்பி, உங்கள் கேள்வியில் நிதி முதலில் வருகிறது. நான் நிலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது புல எண்ணைத்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் நில வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். அது உண்மையிலேயே மேய்க்கால் என்று பதிவாகியிருக்கிறதா, அல்லது அதில் ஒரு பகுதி கண்மாயில் நீர் தேங்கும் பரப்பான நீர்ப்பிடிப்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். நீர்ப்பிடிப்புக்குள் ஒரு கன்றுகூட நடக்கூடாது. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் பரப்பு, 100 ஏக்கருக்கு மேற்பட்டிருந்தால் அது பெரும்பாலும் நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டிலும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் கட்டுப்பாட்டிலும் இருக்கும். கரையோரம் நடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பது இதைப் பொறுத்தது. கண்மாய்க்குள் பழைய நாட்டுக் கருவேல மரங்கள் நின்றால், அவை சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவையா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு அந்தத் திட்டம் வந்தபோது ஏராளமான கண்மாய்களில் கருவேலம் வளர்த்தோம். அவற்றை வெட்டுவதற்கும் ஏலம் விடுவதற்கும் தனி நடைமுறை உண்டு.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்க்கால், களம், தோப்புப் புறம்போக்கு போன்றவற்றின் பராமரிப்பு கிராம ஊராட்சியிடம் இருக்கிறது. ஆகவே மன்றம் விண்ணப்பிப்பதைவிட, ஊராட்சி விண்ணப்பித்து மன்றம் பராமரிப்பதாக ஏற்பாடு செய்வதே எளிது. அதற்குக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15, அதற்கடுத்தது அக்டோபர் 2. உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் வரும் 2025 ஜனவரியில் முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். இப்போதுள்ள தலைவர் உங்களுக்கு ஆதரவானவர் என்றால் ஆகஸ்ட் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். தீர்மானத்தில் புல எண், பரப்பு, நடப்போகும் மரங்கள், மேய்ச்சலுக்கு விடப்படும் பகுதி, பராமரிப்புப் பொறுப்பு ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி நிதிக்கு வருகிறேன். இந்த 2024-இல் உங்கள் அளவுக்குப் பொருத்தமான முதல் வழி, மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். பொது நிலத்தில் மரம் வளர்ப்பது அதில் அனுமதிக்கப்பட்ட பணி. குழி வெட்டுதல், வரப்புக் கட்டுதல், நீர் ஊற்றுதல், காவல் அனைத்தையும் மதிப்பீட்டிலேயே பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தயாரிக்கலாம். இந்த 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். அடுத்த ஆண்டுக்கான பணிகளின் பட்டியல் அக்டோபர் 2 கிராம சபையிலிருந்துதான் உருவாகத் தொடங்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத பணியை நடுவில் நுழைப்பது கடினம்.

கன்றுகளுக்கு மாவட்ட வன அலுவலகத்தையோ வன விரிவாக்க மையத்தையோ அணுகுங்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. அதன் கீழ் நாற்றங்கால்களில் நாட்டு மரங்கள் வளர்க்கப்படுகின்றன. ஏப்ரலிலேயே தேவையை எழுதிக் கொடுத்தால் அக்டோபரில் கேட்ட வகைகள் கிடைக்கும். செப்டம்பர் கடைசியில் போய் நின்றால் மிஞ்சியிருப்பதை அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். வேளாண்மைத் துறையிலும் மரக்கன்றுத் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது விவசாயிகளின் பட்டா நிலத்துக்கானது. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியைப் பற்றி யாராவது சொன்னால் அதன் பின்னால் அலைய வேண்டாம். காட்டு நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போகும்போது வசூலிக்கப்படும் அந்தப் பணம் வனத்துறை வழியாகத்தான் செலவாகும்.

மூன்றாவது வழி நமக்கு நாமே திட்டம். பொதுமக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு தரும். உங்களிடம் உள்ள 86,000 ரூபாயைக் கன்று வாங்கச் செலவழித்துவிடாமல் இதற்குப் பங்களிப்பாக வைத்தால், வேலிக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ இரண்டரை லட்சம் அளவிலான பணியைக் கேட்கலாம். என்னைக் கேட்டால் கிணறுதான். கணக்கைப் பாருங்கள்: நான்கு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 253 கன்றுகள் பிடிக்கும். இரண்டு ஏக்கரில் 500 என்று வைத்துக்கொண்டால், கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் ஒரு சுற்றுக்கு 5,000 லிட்டர். அதாவது ஒரு டேங்கர். தை முதல் புரட்டாசி வரை வாரம் ஒரு சுற்று, சித்திரை வைகாசியில் இரண்டு என்றால் முதல் ஆண்டில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட டேங்கர்கள். சென்ற முறை உங்கள் கன்றுகளை ஆடு மட்டுமே கொன்றிருக்காது.

கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் நடச் சொல்லி உங்களிடம் யாராவது வருவார்கள். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் ஒரே ஏக்கருக்கு 12,000 கன்றுகள் ஆகின்றன. நகரத்தில் குழாய்த் தண்ணீர் உள்ள ஒரு மூலையில் அது சரி. மானாவாரிப் பூமியில் அதற்கு நீர் ஊற்ற உங்களால் ஆகாது.

---

பழைய குழுத் தலைவர் | 15 ஜூலை 2024

வனவர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நிதி கிடைத்த பிறகு என்ன ஆகும் என்பதை நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நான் அதை வாழ்ந்து பார்த்தவன்.

1997-இல் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக, காட்டுப் பாதுகாப்பில் ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் மத்திய அரசின் சுற்றறிக்கை 1990 ஜூன் 1-இல் வெளிவந்திருந்தது. எங்கள் ஊர் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது. கிராம வனக்குழு அமைத்தார்கள். விருப்பமுள்ள ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண் உறுப்பினர். நான் செயற்குழுத் தலைவராக இருந்தேன். தடுப்பணை வந்தது, கன்று நட்டோம், காவலர்கள் இருவர் நியமிக்கப்பட்டார்கள், சுழல் நிதியிலிருந்து கறவை மாடுகளுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் கடன் கொடுத்தோம். மூன்று ஆண்டுகள் எங்கள் ஊருக்கு அது ஒரு திருவிழா.

திட்டக் காலம் முடிந்ததும் காவலர்களுக்குக் கூலி நின்றது. அதற்காகத் தனியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் என் உறவினர்கள். வசூலிக்க எனக்கு மனம் வரவில்லை. கூட்டப் பதிவேட்டில் கடைசியாக நான் கையெழுத்திட்ட பக்கத்தில் 'அடுத்த கூட்டம் பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பதிவேடு இன்றும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. இது முழுக்க என் குறை.

ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். நட்ட பரப்பில் பெரும்பகுதி போய்விட்டது, ஆனால் கீழ்த்தெருவை ஒட்டிய பத்து ஏக்கர் மட்டும் அப்படியே நின்றது. அந்தத் தெருப் பெண்கள் அங்கே புல் அறுத்துக்கொள்ளலாம், புளியும் சீத்தாப்பழமும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தோம். வெளியூர் ஆடு உள்ளே வந்தால் காவலருக்கு முன்னால் அவர்கள்தான் ஓடி வந்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். யாரிடம் நிதி வாங்கினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது மூன்றாம், நான்காம் ஆண்டுக் காவலுக்கென்று வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். நிதி தருபவர் ஒப்பமாட்டார் என்றால் உங்கள் சொந்த வசூலிலிருந்து போடுங்கள். மேலும், உங்கள் மேய்க்காலில் இப்போது ஆடு மேய்ப்பவர்கள் யார் என்று நீங்கள் எழுதவே இல்லையே! அவர்களைக் கேட்காமல் வேலி போட்டால், அந்த வேலியை முதலில் பிரிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் மீது தவறும் இராது.

---

அறிவியல் ஆசிரியை | 16 ஜூலை 2024

பள்ளியை இணைப்பது குறித்து எழுதுகிறேன். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக, மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படையின் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22-இல் தீர்ப்பளித்தது. பாடநூல்களில் அது வந்துவிட்டது. புத்தகத்தை விட்டு வெளியே வரவே இடமும் நேரமும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் ஊர்க்காடு அந்த இடத்தைத் தரும். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும் அந்தத் தீர்மானம் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கென்று ஒரு தலைப்பு உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைக்கு 15,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை அதில் ஒதுக்க இடமிருக்கிறது. 'வரை' என்பதைக் கவனியுங்கள். எங்கள் பள்ளிக்குச் சில ஆண்டுகளில் அது தை மாதம் வந்து, மார்ச்சுக்குள் பயன்பாட்டுச் சான்று கேட்கப்பட்டிருக்கிறது. மழை முடிந்த பிறகு வரும் பணத்தில் கன்று நட முடியாது. நாற்றங்காலுக்கு நிழல்வலை, பூவாளி, தொலைநோக்கி, அளவு நாடா என்று வாங்கிவிடுவேன். பெரிய தொகையாக யாரேனும் பள்ளிக்குத் தர விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியே உங்கள் பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டே செலுத்தலாம். முன்னாள் மாணவர்களுக்கு அது எளிய வழி.

சுற்றுச்சூழல் துறையின் விருதுகளையும் நினைவில் வையுங்கள். முதலமைச்சரின் பசுமைச் சாம்பியன் விருது ஆண்டுக்கு நூறு பேருக்கோ அமைப்புகளுக்கோ தலா ஒரு லட்சம் ரூபாயோடு வழங்கப்படுகிறது. நெகிழிப் பையைக் கைவிட்ட பள்ளிகளுக்கான மஞ்சப்பை விருதில் முதல் பரிசு பத்து லட்சம். இவற்றை நம்பித் திட்டம் போடக்கூடாது. ஆனால் இரண்டு ஆண்டு வேலையைப் படங்களோடும் பதிவேட்டோடும் வைத்திருந்தால் விண்ணப்பிக்க ஒரு பிற்பகல் போதும்.

உண்மையில் மாணவர்களைக் கொண்டு செய்யக்கூடிய நல்ல வேலைக்குப் பணமே தேவையில்லை. நாவல், வேம்பு, இலுப்பை ஆகியவற்றின் விதைகள் இந்த ஆனி, ஆடியில்தான் விழுகின்றன. வேப்பம் விதை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் முளைப்புத் திறனோடு இருக்காது; இலுப்பையையும் பொறுக்கியவுடன் போட்டுவிட வேண்டும். உங்கள் ஐயனார் கோயில் காட்டில் உலக்கைப்பாலை, வீரை, காசான் போன்ற மரங்கள் நின்றால் அவற்றின் விதை நாற்றங்கால்களில் எளிதில் கிடைக்காத செல்வம். பெரியவர்களின் அனுமதியோடு, விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள். இந்த ஆடியில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பையில் ஊன்றும் விதை, அவர்கள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அடுத்த ஐப்பசியில் நடவுக்குத் தயாராகும். பதினைந்து மாதக் கன்று இடுப்பளவு இருக்கும். அரையடிக் கன்றைப் போல ஒரே கடியில் போகாது.

கண்காணிப்புக்கும் ஆயத்தமான வழிகள் உண்டு. சீசன் வாட்ச் என்ற திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு மரத்தைத் தத்தெடுத்து, வாரந்தோறும் தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறித்து அனுப்புகிறார்கள். தைப் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்டதை எழுதினால் போதும். காடு வளர வளர அந்தப் பட்டியல் எப்படி மாறுகிறது என்பது, பின்னாளில் நிதி கேட்கும்போது எந்தப் படத்தையும்விட வலுவான சான்று.

பழைய குழுத் தலைவர் ஐயா ஆடு மேய்ப்பவர்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளி வேலிக்கு என்ன செடி வைக்கலாம் என்று நான் கரும்பலகையில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து, விடுமுறையில் ஆடு மேய்க்கும் ஒரு மாணவன் எழுந்து, 'டீச்சர், கிளுவையைத் தின்னும், ஆடாதோடையைத் தொடாது, நொச்சியை மோந்து பாத்துட்டுப் போயிடும்' என்றான். அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது, ஆடு தொடா இலை என்று. பதினேழு ஆண்டுகளில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இன்று எங்கள் வேலி நொச்சியும் ஆடாதோடையும்தான்.

---

வரவு செலவு | 17 ஜூலை 2024

தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். நிறுவன நிதி, வெளிநாட்டுப் பணம் இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சூழல் பாதுகாப்பும் வேளாண் காடு வளர்ப்பும் கல்வியும் அனுமதிக்கப்பட்ட இனங்கள். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், உங்கள் மாவட்டத்தில் ஆலையோ பெரிய அலுவலகமோ வைத்திருப்பவர்களிடம் போங்கள்; சென்னையில் உள்ள பெரும் பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

ஆனால் பதிவு இல்லாத மன்றத்துக்கு அவர்களால் நேரடியாகத் தர இயலாது. பெறும் அமைப்பு பதிவு பெற்றதாகவும், வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி என்ற வரிவிலக்குப் பதிவுகள் உடையதாகவும், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றதாகவும், இத்தகைய பணிகளில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். நீங்கள் இன்று சங்கமாகப் பதிவு செய்தாலும் அந்த மூன்று ஆண்டு நிபந்தனை தடுக்கும். பதிவை இப்போதே செய்து வையுங்கள் என்பேன். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் போதும். அதுவரை தகுதியுள்ள ஓர் அமைப்போடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு வேலை செய்யுங்கள். அந்த அமைப்பின் வங்கிக் கணக்கில்தான் பணம் வரும். உங்களுக்கு எவ்வளவு, எப்போது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறுவனத்தாரிடம் பேசும்போது இதைத் 'தொடர் திட்டம்' என்ற வகையில் ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை அத்தகைய திட்டத்துக்குச் செலவிட விதிகள் இடம் தருகின்றன. மார்ச் கடைசியில் மீதப் பணத்தைத் தீர்ப்பதற்காக 500 கன்றுகளோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுவே. நான்கு ஆண்டுத் திட்டமாக இருந்தால், பழைய குழுத் தலைவர் ஐயா கேட்கும் காவல் கூலியையும் அதிலேயே அடக்கிவிடலாம்.

சிங்கப்பூர்ப் பணம். இதில்தான் பலர் தெரியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். அனுப்புபவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அவரிடமிருந்து மன்றம் பணம் பெற, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெறாத சங்கத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் வாங்கிய பணத்தை உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

பன்னாட்டு நிதிகளில் உங்களைப் போன்றோருக்கு ஏற்றது உலகச் சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம். 1992 முதல் நடக்கிறது. உச்ச வரம்பு நெடுங்காலம் 50,000 டாலராக இருந்தது. அதற்கும் பதிவு பெற்ற அமைப்பும் உங்கள் தரப்புப் பங்களிப்பும் வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து யோசிக்கலாம்.

---

கவுதாரி | 17 ஜூலை 2024

ஒரு மாற்றுக் கருத்து. சீமைக்கருவேலத்தை நீக்கிய பிறகு, இந்த இரண்டு மழையில் அங்கே தானாக முளைத்தவை என்ன என்று பார்த்தீர்களா? புல்லும், ஆவாரையும், அங்கங்கே வன்னியும் வெள்வேலும் எழுந்திருந்தால், அந்த இடம் காடாக வேண்டிய இடமே இல்லாமல் இருக்கலாம். மேய்ச்சல் வெளி வெற்று நிலம் அல்ல. கவுதாரியும் வானம்பாடியும் தரையில் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் புல்வெளியில்தான் இரவு தங்குகின்றன. மூன்றரை ஏக்கரையும் மரமாக்க நிதி கிடைக்கும். புல்லாக விட்டுவைக்க யாரும் நிதி தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். கண்மாயை ஒட்டிய ஒன்றரை அல்லது இரண்டு ஏக்கரில் நடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். ஆடு மேய்ப்பவர்களோடு உள்ள சிக்கலும் அதில் பாதி தீரும்.

இன்னொன்றும் செய்யலாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் அது தாளில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அதை உயிர்ப்பித்து, கோயில் காட்டையும் மேய்க்காலையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்கள் பல்லாண்டு காலம் பறவைகளையும் சுனைகளையும் எழுதி வைத்திருந்தது அதற்குத் துணை நின்றது. ஆசிரியை அம்மாவின் மாணவர்களைப் போல உங்கள் மாணவர்களும் அந்தப் பதிவேட்டை எழுதலாம்.

---

கண்மாய்க்கரை | 21 ஜூலை 2024

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த ஒரு வாரத்தில் நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

'அ' பதிவேட்டைப் பார்த்தோம். மூன்று ஏக்கர் 40 சென்ட் மேய்க்கால் என்றே இருக்கிறது. ஆனால் நாங்கள் சுத்தம் செய்ததில் கிழக்கு மூலையில் சுமார் 30 சென்ட் கண்மாய் நீர்ப்பிடிப்புக்குள் வருகிறது. சென்ற ஆண்டு அந்த நிறுவனத்தார் நட்டதும் அங்கேதான்.

ஆடு மேய்ப்பவர்களைப் பற்றி நான் எழுதாதது தவறுதான். பதினொரு குடும்பங்கள். நேற்று மாலை ஐயனார் கோயிலடியில் அவர்களோடு உட்கார்ந்தோம். தெற்கே ஒன்றரை ஏக்கரை அப்படியே மேய்ச்சலுக்கு விடுவது, கண்மாயை ஒட்டிய பகுதியில் மட்டும் நடுவது, உள்ளே விழும் வேப்பங்கொட்டையும் நாவல் பழமும் அவர்களுக்கே என்று பேசியிருக்கிறோம். ஒரு பாட்டி, மூன்றாவது ஆண்டு முடிந்ததும் உள்ளே ஆடு விடலாமா என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. காவலுக்கு அந்தக் குடும்பங்களிலிருந்தே ஒருவரை வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தீர்மான வரைவு தயாராகிவிட்டது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வைக்கத் தலைவர் ஒப்புக்கொண்டார். 86,000 ரூபாயில் 20,000 ரூபாயைக் காவலுக்கென அஞ்சலகத்தில் வைப்பாகப் போட்டுவிட்டு, மீதியை நமக்கு நாமே திட்டத்தில் கிணற்றுக்குப் பங்காகச் செலுத்துவது என்று எண்ணுகிறோம். சிங்கப்பூர் அண்ணன்மாரில் ஆறு பேரிடம் கடவுச்சீட்டு நகல் கேட்டேன். நால்வர் அனுப்பிவிட்டார்கள், ஒருவருக்குக் கோபம், ஒருவர் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டதை இப்போதுதான் வீட்டில் சொன்னாராம்.

இந்த ஆண்டு நடவு இல்லை. பள்ளியில் 400 பைகளில் நாவலும் வேம்பும் ஊன்றியிருக்கிறோம். வனவர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஊர்ப் பெரியவர்கள் கரையோரம் பனங்கொட்டை மட்டுமாவது இந்த ஆவணியில் போடலாம் என்கிறார்கள். அதற்கும் தீர்மானம் வரக் காத்திருக்க வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற வனவர் | 21 ஜூலை 2024

தம்பி, கரை யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையின் உச்சியிலும் மதகுக்கு அருகிலும் வேண்டாம். வெளிச்சரிவின் அடியில், பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பாட்டிக்கு என் பதில்: கன்று ஆளுயரத்துக்கு மேல் போன பிறகு, மழைக்காலம் நீங்கலாக, விடலாம். அதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.